கெங்கவல்லிப் பேரேட்டில் ஐந்து ரூபாய்

சென்னை, ராஜாஜி மண்டபம்

வேண்டாத செலவு ஒன்று தலையில் வந்து விழுந்தால் என் பாட்டி, "சேலத்துக் கள்ளுக்கு மன்னார்குடியில தெண்டம்" என்பாள். தாத்தா மன்னார்குடியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடை போய், தாத்தா போய், பாட்டியும் போன பிறகும் அந்தச் சொல் வீட்டில் தங்கிவிட்டது. பள்ளிக்கூடச் சம்பளம் கட்டும்போது அப்பா சொல்வார். மழையில் ஓடு பெயர்ந்தால் அத்தை சொல்வாள். அது பழமொழி இல்லை, 1939-இல் சட்டசபையில் நிறைவேறிய ஒரு வரியைப் பற்றிய புகார் என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. தெரிந்த நாளிலிருந்து, அந்தக் கள் எந்த ஊரில் நின்றதோ அந்த ஊரைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. சேலம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஆத்தூர் தாண்டி கெங்கவல்லியில், நண்பர் ஒருவரின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே போவதென்று முடிவாயிற்று.

புறப்படுவதற்கு முந்தைய நாள் ஓமந்தூரார் வளாகத்துக்குப் போய் ராஜாஜி மண்டபத்தின் அகலப் படிகளைக் கீழே நின்று பார்த்தேன். 1802-இல் வெள்ளைக்காரர்கள் விருந்துக்காகக் கட்டிய மண்டபம். 1938 ஜனவரியிலிருந்து 1939 அக்டோபர் வரை சென்னை மாகாணச் சட்டசபை இங்கேதான் கூடியது. ராஜாஜி பிரதமர்; மாகாணத்தின் முதல் அமைச்சரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். நிதி இலாகாவும் அவர் கையில்தான்.

அவர் முன்னால் இருந்த கணக்கு கடினமானது. மாகாண வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு கள், சாராயத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிடுவது என்று காங்கிரஸ் மக்களிடம் வாக்குக் கொடுத்திருந்தது. விட்டால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கே? 1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களுக்குக் கொடுத்திருந்த அதிகாரங்களில் ஒன்று, பொருள் விற்பனை மீது வரி போடுவது. அதைப் பொதுவாக எல்லாப் பண்டங்கள் மீதும் யாரும் போட்டுப் பார்த்ததில்லை. ராஜாஜி போட்டார். இந்தியாவின் முதல் பொது விற்பனை வரிச் சட்டம் சென்னை மாகாணத்துடையது, 1939-இல் வந்தது. அதே வருஷம் பெட்ரோல் விற்பனைக்கு ஒரு வரி, புகையிலைக்கு ஒன்று, கேளிக்கைக்கு ஒன்று.

வணிகர்கள் கொதித்தார்கள். ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் விழுகிற வரி இது, கடைசியில் ஏழையின் கூடையில்தான் போய் விழும் என்றார்கள். அது பொய்யான வாதமும் இல்லை. ராஜாஜியின் பக்கத்து நியாயம் வேறு: கள்ளுக்கடை வருமானம் என்பதே மிகவும் ஏழையான குடும்பத்தின் அடுப்பிலிருந்து எடுத்த பணம், அதை விட்டுக்கொடுத்துவிட்டு விற்பவர்கள் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது மேல். வரியையும் அது எதற்காக என்பதையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு சபையில் நின்ற நிதியமைச்சர் அவர். அந்த வரி நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு இன்றும் தீர்மானமில்லை. அப்படி நின்றதில் எனக்கு மரியாதை உண்டு.

சேலம்

எங்கள் பக்கத்தில் வானம் தரையைத் தொடும் இடம் வரை வயல்தான். சேலத்தில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் ஒரு மலை எதிரே நிற்கிறது. டெல்டாக்காரனுக்கு இது முதல் நாள் முழுக்க ஒரு திகைப்பு. இன்னொன்றும் மனதில் வந்தது. எங்கள் ஆற்றில் வரும் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் மேட்டூர் அணை, 1934-இல் கட்டி முடித்தது, இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து மன்னார்குடிக்குத் தண்ணீர் வந்தது என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. தெண்டம் மட்டும்தான் நினைவில் நின்றது.

மாலையில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவே காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். வாயில் போட்டு ஒரே கடியாகக் கடிக்க வேண்டும், பாதியாகக் கடித்தால் எல்லாம் சட்டையில் என்று வண்டிக்காரப் பையன் முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தான்.

இந்த ஊர் மதுவுக்கு எதிராக நின்றது ராஜாஜியோடு தொடங்கவில்லை. சேலத்தை ஒட்டிய தாதம்பட்டியில் தமக்கிருந்த தென்னந்தோப்பில் கள் இறக்க விடக் கூடாதென்று பெரியார் 500 மரங்களை வெட்டிச் சாய்த்தது 1920-களின் தொடக்கத்தில். ராஜாஜி இங்கே வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை நகரசபைத் தலைவராக இருந்தவர். 1925-இல் திருச்செங்கோடு பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்றொரு பத்திரிகை நடத்தினார். கூட இருந்து அதைப் பார்த்துக்கொண்டவர் கல்கி. பதவிக்கு வந்து சில மாதங்களுக்குள், 1937 அக்டோபர் 1 அன்று, முதல் மதுவிலக்கைத் தம் சொந்த மாவட்டத்தில் தொடங்கினார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலம்தான். பிறகு சித்தூர், கடப்பை, வடாற்காடு. மன்னார்குடி அப்போது இருந்த தஞ்சாவூர் மாவட்டம் அந்தப் பட்டியலில் வரவேயில்லை.

பாட்டியின் சொல்லுக்கு அர்த்தம் அங்கே இருக்கிறது. விற்பனை வரி மாகாணம் முழுவதற்கும். கள்ளுக்கடை மூடியதோ நான்கு மாவட்டங்களில்.

ஆத்தூர் சாலை

அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்புகள் தொடங்குகின்றன. தென்னையை விட ஒல்லி, நேராக, நெருக்கமாக. உள்ளே வெயில் இறங்குவதில்லை. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் என்று ஊர்கள் வர வர தோப்புகளுக்கு நடுவே மரவள்ளி. இங்கே அதைக் குச்சிக்கிழங்கு என்கிறார்கள். ஆத்தூரை நெருங்கும்போது ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த மாவு வாசனை பேருந்துக்குள் வந்துவிடுகிறது. வாசல்களில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் உப்பளம் போலிருக்கும்.

ஆத்தூரில் பேருந்துக்காக நின்ற நேரத்தில் ஒரு அம்மா தாளித்த குச்சிக்கிழங்கு விற்றார். வெந்த கிழங்கு, கடுகு, மிளகாய், கொஞ்சம் தேங்காய். இலையில் வாங்கித் தின்றபடி கேட்டேன், இந்தப் பக்கம் ஆற்றுப் பாசனம் உண்டா என்று. "ஆறு எங்க சாமி, எல்லாம் கெணறும் போருந்தான்" என்றார். மேட்டூர் தண்ணீர் இந்தக் கிழக்கு ஓரத்துக்கு வருவதில்லை.

கெங்கவல்லி

சுவேத நதிக்கரையில் இருக்கிறது ஊர். நதி கொல்லிமலையில் பிறந்து தம்மம்பட்டி வழியாக இங்கே வந்து, வசிட்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. நான் போனபோது மணல்தான். ஊருக்குத் தெற்கே பச்சைமலை, காலையில் நீலமாகவும் மதியம் சாம்பலாகவும் தெரிகிறது. இன்று இது தனி வட்டம், தனிச் சட்டமன்றத் தொகுதி. 1937-இல் ஆத்தூர் தாலுகாவில் ஒரு கிராமம்.

நண்பரின் சித்தப்பா வீட்டுக் களத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டையில் குத்தி நிறுத்திய கத்தி. காயை அதில் ஒரு அழுத்து, ஒரு திருப்பு, இன்னொரு அழுத்து, மட்டை இரண்டாகப் பிரிந்து கொட்டை மடியில் விழுகிறது. ஒரு காய்க்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. பாக்குக் கறை என்ன தேய்த்தாலும் போகாதாம். உரித்ததை வேகவைத்துச் சாயமேற்றிக் காயவைத்தால் அது 'ஆப்பி'. வண்டியேறி எங்கெங்கோ போகிறது.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவிடம் 1937-ஐப் பற்றிக் கேட்டேன். வருஷம் அவருக்குத் தெரியவில்லை, கதை தெரிந்திருந்தது.

"எங்காத்தா சொல்லுங்க. அது சின்னப்புள்ளையா இருந்தப்ப கள்ளு நின்னுச்சாம். நின்ன மறுமாசம் தீவாளி. எங்க தாத்தன் அந்தத் தீவாளிக்குத்தான் மொதமொதலா வீட்ல எல்லாத்துக்கும் துணி எடுத்தாந்தாராம். ஆத்தாளுக்கு ஒரு பாவாட. சாகற வரைக்கும் அந்தப் பாவாட என்ன நெறம்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"என்ன நிறம்?"

"மாம்பழ நெறம்." கத்தியில் இன்னொரு காய் விழுந்தது. "இப்பத்தான் எல்லாம் வந்திருச்சே" என்று சொல்லிவிட்டு அவர் தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் பேசவில்லை. மட்டை பிளக்கிற சத்தம் மட்டும்.

ஒரு கிழவி தன் சாவு வரைக்கும் ஒரு பாவாடையின் நிறத்தை நினைவில் வைத்திருந்தாள். எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அதற்கென்று ஒரு தலைப்பு இருக்காது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் சேலம் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை அந்நாளிலேயே ஆராய்ந்து எழுதினார். நல்ல வேலைதான். ஆனாலும் மாம்பழ நிறத்தை இந்தக் களத்துக்கு வந்துதான் கேட்க முடிந்தது.

மரம் ஏறியவர்களின் பக்கமும் ஒன்று உண்டு. அன்று மாலை ஏரிக்கரைப் பனைகளைக் காட்டி, அந்தத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் சொன்னார்: "எங்களுக்கு அது வயித்துல அடிதாங்க. பதநீ எறக்கிக்கலாம், வெல்லம் காச்சிக்கலாம்னு அனுமதி குடுத்தாங்க. கள்ளு குடுத்த காசை வெல்லம் குடுக்குமா?" அப்போதைய மாவட்ட ஆட்சியர் டிக்ஸன் மதுவிலக்கை முனைந்து நடத்தியவர் என்று பெயரெடுத்தார். தேநீர்க் கடைகள், விளையாட்டு, பஜனை என்று குடிக்கு மாற்றாக ஊரூருக்கு ஏற்பாடுகள் நடந்தன. அவையெல்லாம் குடித்தவனுக்கு. மரம் ஏறியவனின் நட்டத்துக்கு யாரும் ஈடு சொல்லவில்லை.

கடைவீதி

மறுநாள் கடைவீதியில் ஒரு பழைய மளிகைக் கடைக்கு அழைத்துப் போனார்கள். மூன்று தலைமுறைக் கடை. கல்லாவில் எண்பதை எட்டிக்கொண்டிருந்த பெரியவர். மன்னார்குடி என்றதும், "தஞ்சாவூர்ப் பக்கமா? அரிசி பார்த்தவர் எங்க கடை அரிசியைக் குறை சொல்லக் கூடாது" என்று சொல்லித் தேநீர் வரவழைத்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன், பாட்டியின் சொல்லையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் வெகுநேரம் கழித்து ஒரு பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். குறுகலாக, நீளமாக, சிவப்புத் துணி ஒட்டிய அட்டை. ஓரமெல்லாம் பூச்சி அரித்து வலை போலிருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 'லாபம்', மஞ்சள் தடவிய கறை.

"தாத்தா எழுதுனது. பிரமாதி வருஷம்" என்றார். 1939-40.

கார்த்திகை மாதப் பக்கத்தைத் திருப்பினார். மை பழுத்து இலைச்சருகு நிறமாகியிருந்தது. கொத்துமல்லி, வெல்லம், மண்ணெண்ணெய், கோயில் விளக்குக்கு எண்ணெய். அதற்கடுத்து ஒரு வரி: சர்க்கார் விற்பனை வரி, எதிரே தமிழ் எண்ணில் ௫. தமிழில் ஐந்து, 'ரு' என்கிற எழுத்தைப் போலவே இருக்கும். முதலில் ரூபாய் என்று போட்டுவிட்டுத் தொகையை எழுத மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். பெரியவர் விரலை வைத்து, "அதுதான் அஞ்சு" என்றார்.

அந்தச் சட்டத்தின்படி வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்கும் கடைக்கு வரி இல்லை. 20,000 வரை விற்றால் மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் விற்பனையில் அரை சதவீதம். சென்னையில் விருந்து மண்டபத்தில் வாதாடி நிறைவேற்றிய ஒரு பிரிவு, ஒரு மாதம் தவறாமல் இந்தச் சிவப்பு அட்டைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்தக் கார்த்திகையில் வரியைக் கொண்டுவந்தவர் பதவியில் இல்லை. இந்தியாவைக் கேட்காமல் யுத்தத்தில் சேர்த்ததை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவை ஐப்பசியிலேயே, அக்டோபர் கடைசியில், விலகிவிட்டது. மதுவிலக்கு தஞ்சாவூர் வரை வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"உங்க தாத்தாவுக்கு இது தெண்டமா படலையா ஐயா?"

பெரியவர் பேரேட்டின் பின்பக்கங்களைப் புரட்டினார். கடன் கணக்கு. பெயர், பாக்கி, தீர்த்த தேதி. "தாத்தா சொல்வார் தம்பி, கள்ளுக்கடை இருந்தப்ப வாரக்கூலி வாங்குனவன் நேரா அங்க போவான், மிச்சமிருந்தா இங்க வருவான். மூடுன பிறகு மொதல்ல இங்க வந்தான். பழைய பாக்கியெல்லாம் தீர்ந்த வருஷம் அது. மாசம் அஞ்சு ரூபா குடுத்தாரு, அதைவிடக் கூட வந்துச்சு. உங்க தாத்தாவுக்கு அஞ்சு ரூபா போச்சு, கள்ளுக்கடையும் அங்கயே இருந்துச்சு. அவர் திட்டுனதுலயும் தப்பில்ல."

இவ்வளவு நாள் ஒரு பக்கம் மட்டுமே கேட்டிருந்த வழக்கில் எதிர்ப்பக்கத்துச் சாட்சி அங்கே கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

விற்பனை வரி செல்லுமா என்ற வழக்கு ஃபெடரல் நீதிமன்றம் வரை போனது. 1942-இல் செல்லும் என்று தீர்ப்பு. யுத்தம் முடிவதற்குள் கவர்னர் ஆட்சி சேலத்து மதுவிலக்கை நிறுத்தி வைத்தது, வரியை நிறுத்தவில்லை. சுதந்திரத்தை ஒட்டிப் படிப்படியாக மீண்டும் மது நின்று, 1948-இல் மாகாணம் முழுக்க நின்றது. தாத்தா கட்டிய ஐந்து ரூபாய்க்கு உரிய சரக்கு மன்னார்குடிக்கு வந்து சேர அவ்வளவு காலம் ஆயிற்று. 1971-இல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார். புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு உதவி, ஏற்கெனவே கடைப்பிடிக்கும் மாநிலத்துக்கு இல்லை என்று மத்திய அரசு சொன்ன நிலையில், நிதி நெருக்கடியை அவர் காரணமாகச் சொன்னார். அந்த நியாயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. 92 வயது ராஜாஜி மழையில் கோபாலபுரம் போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1974-இல் மறுபடி மதுவிலக்கு, 1981-இல் எம்.ஜி.ஆர். மறுபடி எடுத்தார். 1983-இல் டாஸ்மாக்.

விற்பனை வரியோ 1959-இல் புதுச் சட்டமாகி, 2007-இல் வாட் ஆகி, 2017 ஜூலை 1 அன்று பெரும்பகுதி ஜி.எஸ்.டி.க்குள் போயிற்று. அந்த ஜி.எஸ்.டி.யை 2006-இல் முதலில் நாடாளுமன்ற நிதிநிலை அறிக்கையில் அறிவித்த நிதியமைச்சரும் ஒரு தமிழர், ப. சிதம்பரம். ஜி.எஸ்.டி.க்கு வெளியே மாநிலத்தின் சொந்த விற்பனை வரியாக மிஞ்சியவற்றில் பெரியவை இரண்டு: பெட்ரோல், டீசல் ஒன்று, மது இன்னொன்று. மதுவை விடுவதற்காகப் பிறந்த வரி இன்று மதுவின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. 2023-24-இல் மது விற்பனையால் தமிழக அரசுக்கு ஆயத்தீர்வையும் வாட்டுமாகச் சேர்ந்து வந்தது 45,855 கோடி ரூபாய்.

இதைச் சொன்னபோது பெரியவர் பேரேட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "எடுக்கறதும் போடறதும் அவங்கவங்க தீர்மானம் தம்பி. ஆனா எதுக்காக எடுத்தோம்னு ஒருத்தராவது எழுந்து சொல்லணும்ல?"

பச்சைமலை அடிவாரம்

தம்மம்பட்டி சாலையில் கொஞ்ச தூரம் போய் மலையடிவாரத்தில் இறங்கினோம். மரச்சிற்பத்துக்குப் பெயர்போன தம்மம்பட்டிக்கு நேரம் போதவில்லை. மக்காச்சோளக் கொல்லைகளுக்கு அப்பால் பச்சைமலை. வடக்கே தூரத்தில் கல்வராயன் மலையின் கோடு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனது அந்த மலைக்கு அந்தப்புறம். கடை திறந்திருக்கும் காலத்திலேயே அது நடந்தது. மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பவர்களிடமும், திறந்தால் நின்றுவிடும் என்பவர்களிடமும் அந்தக் கோட்டைக் காட்டத்தான் தோன்றுகிறது.

அங்கிருந்தே அத்தைக்குப் போன் செய்தேன். மன்னார்குடியில் எண்பத்தாறு வயதில் காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

"அத்தை, தாத்தா கடைப் பேரேடு ஏதாவது பரண்ல இருக்கா?"

"எதுக்குடாப்பா இப்ப?"

"பிரமாதி வருஷம், கார்த்திகை மாசம். சர்க்கார் வரின்னு அஞ்சு ரூபா இருக்கும்."

எதிர்முனையில் கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு, "கரையான் தின்னது போக ஒரு மூட்டை கெடக்கு. ஏணி வேணும். நீ வந்தா எறக்கலாம்" என்றாள். இன்னும் ஏதோ சொன்னாள், மலைக்காற்றில் கேட்கவில்லை. திருப்பிக் கேட்டேன்.

"அஞ்சு ரூபா இல்லடா. மாசம் பத்து ரூபா கட்டினதா அம்மா சொல்லுவா. நம்ம கடை பெரிய கடை."